ஈடிபஸ் நாடகம்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈடிபஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால், 'விதியை யாராலும் வெல்ல முடியாது' என்று முடித்துவிடுவோம். முதல் தவறு அதுதான். பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் நாடகம் தொடங்கும்போதே விதி தன் வேலையை முடித்துவிட்டது. ஈடிபஸ் யாரென்று தெரியாமலே தந்தையைக் கொன்றாயிற்று, தாயை மணந்தாயிற்று, நான்கு பிள்ளைகளும் பிறந்தாயிற்று. மேடையில் நாம் பார்ப்பது ஒரு விசாரணை. பழைய மன்னன் லாயஸைக் கொன்றவனை விரட்டினால்தான் தீப்ஸ் நகரின் கொள்ளைநோய் தீரும் என்கிறது டெல்ஃபியின் அருள்வாக்கு. அதற்காக எவ்வளவு தூரம் தோண்டுவது என்பது இப்போதைய மன்னன் ஈடிபஸின் சொந்த முடிவு.

நிறுத்த வாய்ப்பு இல்லாமல் இல்லை. அருள்வாக்கோடு வந்த மைத்துனன் கிரியோன், உள்ளே போய்ப் பேசலாமா என்கிறான். எல்லார் முன்னாலும் சொல் என்கிறான் ஈடிபஸ். பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார். மனைவி யோகாஸ்டா (பெற்ற தாயும் அவள்தான்) கெஞ்சியே பார்க்கிறாள்.

அடுத்து, பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் கிழவன் வரும் காட்சி. லாயஸ் கொல்லப்பட்டபோது உயிர்தப்பிய ஒரே வேலையாள் அவன். கொன்றது கொள்ளையர் கூட்டம் என்று அப்போது சொல்லியிருந்தான். ஈடிபஸ் மூன்று சாலைகள் கூடும் இடத்தில் சண்டை போட்டதோ தனியாளாக. ஆக, கொன்றது ஒருவனா பலரா என்று கேட்கத்தான் கிழவனுக்கு ஆள் போகிறது. அவன் வருவதற்குள் கொரிந்திலிருந்து வந்த தூதன், 'உன்னை வளர்த்த கொரிந்து மன்னர் பாலிபஸ் உன்னைப் பெற்றவர் இல்லை' என்று போட்டு உடைக்கிறான். அப்புறம் கேள்வியே மாறிவிடுகிறது. கிழவன் வந்து நின்றதும் கொலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 'நீ அன்று இந்தத் தூதனிடம் கொடுத்த குழந்தை யாருடையது?' அவ்வளவுதான். அவன் தயங்க, கைகளை முறுக்கச் சொல்கிறான் ஈடிபஸ். 'சொல்லக்கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன்' என்று கிழவன் நடுங்குகிறான். கேட்கக்கூடாததைக் கேட்கும் இடத்தில் நானும் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்பது பதில். என்னைக் கேட்டால் நாடகத்தின் உச்சம் இதுதான்; ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வது அதற்குப் பின்னால் வரும் செய்தி.

சரி, பேசாமல் இருந்திருக்கலாமே என்பதும் அவசரத் தீர்ப்பு. ஊர் செத்துக்கொண்டிருக்கிறது.

மகனுக்குத் தாய்மேல் உள்ளூர ஆசை என்று சொன்ன உளவியலாளர் ஃப்ராய்டை வைத்துப் படிப்பது இன்னொரு வழுக்கல். தாய் என்று தான் நம்பியவளிடமிருந்து விலகத்தான் ஈடிபஸ் கொரிந்தை விட்டே ஓடினான்.

கடைசியாக, 'என்ன பாவம் செய்தான்?' என்று தேடுவது. நமக்கு அது பழக்கம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்கு முற்பிறவிக் கணக்கு உண்டு: பரதனாகப் பிறந்து சங்கமனைக் கொன்றான். இந்த நாடகத்தில் அப்படி எந்தக் கணக்கையும் சோஃபக்ளிஸ் காட்டவில்லை. ஆணவம், முன்கோபம் என்று காரணம் சொல்வார்கள். கோபக்காரன்தான். ஆனால் 'உன் மகன் உன்னைக் கொல்வான்' என்று லாயஸுக்கு அருள்வாக்கு கிடைத்தபோது ஈடிபஸ் பிறக்கவே இல்லை. கி.மு. 401இல் மேடையேறிய, சோஃபக்ளிஸின் இன்னொரு நாடகமான 'கொலோனஸில் ஈடிபஸ்'இல், முதுமையில் அவனே கிரியோனிடம் வழக்காடுகிறான்: ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், நீ என் அப்பாவா என்று விசாரித்துக்கொண்டு நிற்பாயா, திருப்பி அடிப்பாயா?