பழைய பள்ளியை இடிக்கும் முன்

உயர்நிலைப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் உறுதியானதும் எல்லார் கவனமும் புது வரைபடத்துக்குப் போய்விடும். பழைய அறைகள் காலியாகும் சில வாரங்களில்தான் பள்ளியின் வரலாறு பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது. சாமான்களை நகர்த்தும் முன்பே அந்த வரலாற்றைப் பதிவுசெய்து காக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பதிவேடுகள். அலமாரியில் இருந்த வரிசை குலையாமல் எடுத்து, பென்சிலால் எண் போடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்துத் தாளிலேயே கறையாக இறங்கும். லேமினேஷன் இன்னும் மோசம், பிரிக்கவே முடியாது. எழுத்துப் பக்கங்களை 300 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு 300 புள்ளி), குழுப் புகைப்படங்களை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்து, இரு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் முகவரியும் இருக்கும். அதைப் பொதுவெளியில் போடக் கூடாது.

பிறகு கட்டடம். இடிக்கும் முன் அதை அளந்து வரைபடமாக்குங்கள். அளவு டேப்பின் நுனியை அறையின் மூலையில் பிடித்தபடியே கதவு, ஜன்னல் ஓரங்களின் தூரத்தை வரிசையாகப் படியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டே போகும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டங்களும் கட்டாயம். பழைய அறைகள் சரியான செவ்வகமாக அமைவது அபூர்வம். மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் கடைசி அறை வெளிச்சுவரோடு பொருந்தாது.

பூச்சு உதிர்ந்த இடங்களை அவசரப்படாமல் பாருங்கள். செங்கற்கள் ஒன்றோடொன்று கோக்காமல், மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்துக் கோடாக இணைப்பு ஓடுகிறதா? அங்கே ஒரு பகுதி பின்னாளில் ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும், அல்லது ஒரு வாசல் அடைக்கப்பட்டிருக்கும். எந்தக் கோப்பிலும் இல்லாத விரிவாக்கம் இப்படித்தான் தெரியவரும். பக்கத்தில் அளவுகோல் வைத்து, நேர் எதிரே நின்று படமெடுங்கள்.

பெயர் பொறித்த அடிக்கல்லை இடிப்பு தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். சுண்ணாம்புக் காரையில் பதித்திருந்தால் மெல்லிய உளியால் சுற்றிலும் சுரண்டினாலே விடுபடும். சிமென்டில் பதித்திருந்தால் கல்லைத் தொடாமல், சுற்றியுள்ள செங்கலை உடைத்துச் சிமென்டோடு எடுங்கள். கடப்பாரையால் நெம்பினால் எழுத்துள்ள முகமே பிளந்துவிடலாம்.

ஒரு பகுதியையாவது இடிக்காமல் வைத்துக்கொள்ள முடிந்தால், அதன் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துச் செங்கல் பொடியும். பூச்சுக்கு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் போதும். வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும். முதல் சில நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.