ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தைப் பற்றி என்ன கேட்பது?

என் தங்கையை அனாமலி ஸ்கேனுக்கு, அதாவது குழந்தையின் உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு, தண்டையார்பேட்டையில் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டில் இதயத்துக்கு ஒரே வரி, நான்கு அறைகளும் தெரிகின்றன, அவ்வளவுதான். எங்களுக்குச் சந்தோஷம். செக்கப்பில் டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "ரத்தக்குழாய் பார்த்தாங்களா?" என்று கேட்டபோதுதான் விழித்தோம். மறுபடி அலைச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேனை 18 வாரம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள், வளைகாப்பு வரை தள்ளாதீர்கள். ஏதாவது தெரிந்தால் அடுத்த பரிசோதனைக்கும் முடிவெடுப்பதற்கும் நாள் வேண்டும், கருக்கலைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் 20, 24 வார வரம்பெல்லாம் அப்போது குறுக்கே வந்து நிற்கும். உங்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ, மூத்த குழந்தைக்கு இதயக் கோளாறு இருந்தாலோ, சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபீட்டல் எக்கோ என்று இதயத்துக்கு மட்டும் தனி ஸ்கேன் இருக்கிறது, அது தேவையா என்றும் கேளுங்கள்.

உள்ளே போனதும் கூச்சப்படாமல் கேளுங்கள்: நான்கு அறை மட்டுமா, பெரிய குழாய்களுமா? இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போக வேண்டும். அப்படித் தாண்டாமல் பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடினால் குழாய்கள் இடம் மாறியிருக்கலாம், அப்போதும் நான்கு அறைகள் பார்க்க அழகாகவே இருக்கும். இதில்தான் ஏமாந்து போகிறோம். இன்னும் மேலே நெஞ்சுப் பகுதியில் மூன்று குழாய்கள் பெரியது, நடுத்தரம், சின்னது என்று வரிசையாகத் தெரிய வேண்டும். நான்காவதாக ஒன்று தெரிந்தால் பெரும்பாலும் அது இடப்பக்கம் கூடுதலாக இருக்கும் ஒரு பெருஞ்சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய். அது மட்டும் இருந்தால் பொதுவாகத் தொந்தரவில்லை, ஆனால் கூடவே வேறு குறை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இதயத்துக்குள் வெள்ளைப் புள்ளி என்று எழுதியிருந்தால் உடனே அழ வேண்டாம். அது ஓட்டையும் இல்லை, இதய நோயும் இல்லை. மற்ற உறுப்புகளும் முந்தைய டெஸ்ட்டுகளும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். (கூகுளில் தேடினால் மட்டும் தூக்கம் போகும்.)

குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் அரைமணி நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அப்படியும் தெரியாவிட்டால் மறுதேதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சின்ன ஓட்டைகள் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் தப்பிவிடலாம், அதற்காக டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆணா பெண்ணா என்றும் கேட்காதீர்கள், அதைச் சொல்வது குற்றம்.

பெரிய கோளாறு உறுதியானால் முதல் கேள்வி, பிரசவம் எங்கே என்பதுதான். குழாய் இடம் மாறிய குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே மருந்து தேவைப்படலாம். வடசென்னையில் இருக்கும் நமக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை பக்கம்தான், ஆனாலும் பிறந்ததும் குழந்தையை இதய டாக்டர் எங்கே பார்ப்பார், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்குமா, யார் கூட்டிப்போவார்கள் என்பதை ஏழாம் மாதத்துக்குள் பேசி, எழுதி வாங்கி, ஸ்கேன் படங்களோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள்.