மலையால இறங்கேக்க எங்கட ஆக்கள் விடுற பிழையள்

யாழ்ப்பாணத்தில கார் பழகின எங்களுக்கு இறக்கம் எண்டா கூடிப்போனா ஒரு பாலத்தால இறங்கினதுதான். அந்தப் பழக்கத்தோடயே லீவு விட்டவுடன ஏ9 ஆல கண்டிக்குப் போய் அங்கால நுவரெலியாவுக்கும் ஏறியிடுறம். ஏறேக்க எஞ்சின் முனகும், அவ்வளவுதான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர், கண்டி 500 அளவு, திரும்பேக்க அவ்வளவு உயரத்தையும் றம்பொடை வளைவுகளால இறங்கித்தானே தீரோணும்.

நான் முதல்தரம் இறங்கேக்க முழு வழியும் பிறேக்கில கால் வச்சபடியே வந்தன், மெதுவாத்தானே வாறன் எண்ட நினைப்பு. கொஞ்சத்தால எரிஞ்ச மணம், பின்சீற்றில இருந்த மாமி தேயிலை வறுக்கிறாங்களாக்கும் எண்டுறா. வறுபட்டது எங்கட பிறேக். விடாமல் அமத்தினா பிறேக் பாட் (டிஸ்க்கைப் பிடிக்கிற கட்டை) சூடேறி பிடிப்புக் குறையும், இன்னும் சூடேறினா பிறேக் ஒயில் கொதிச்சு குமிழி வரும், குமிழி அமுங்கிப்போகும், அப்ப பெடல் பஞ்சு மாதிரி கீழ போகும் ஆனா கார் நிக்காது. ஒயில் பழசெண்டா இன்னும் மோசம், அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும்: டொட் 3 (DOT 3) எண்ட வகை ஒயில் புதுசில 205 பாகை வரைக்கும் தாங்கும், ஈரமேறினா 140 அளவிலயே கொதிச்சிடலாம். வெளிக்கிட முதலே கராஜில காட்டி மாத்துங்கோ.

ஏறின கியரிலயே இறங்குங்கோ, எஞ்சினே காரைப் பிடிச்சு வச்சிருக்கும். ஓட்டோ கியர் எண்டா எல் (L) இல்லாட்டி 2, சில ஹைபிரிட்டில பி (B) இருக்கும். ஹைபிரிட் இறங்கேக்க பற்றரியை சார்ஜ் பண்ணித்தான் காரைத் தானாப் பிடிக்கும், பற்றரி நிரம்பினா அந்தப் பிடி குறைஞ்சிடும், அப்ப அந்த பி தான் கை குடுக்கும். இறக்கம் தொடங்க முதலே போடோணும், வேகம் பிடிச்ச பிறகு இல்லை. பிறேக்கை கொஞ்சம் அழுத்தமா பிடிச்சு, வேகம் குறைஞ்சதும் விட்டிடுங்கோ.

அடுத்தது நியூற்றலில விட்டு இறங்கிறது. 2022 இல பெற்றோல் கியூவில நிண்ட சனம், மிச்சம் பிடிக்கிற ஆசை விளங்குது, ஆனா இப்பத்தைய இஞ்செக்சன் கார் கியரில இறங்கேக்க, அக்சிலேற்றரில கால் இல்லாட்டி, பெற்றோலை நிப்பாட்டியிடும், நியூற்றலிலதான் எஞ்சினை ஓடவைக்க பெற்றோல் வேணும். எஞ்சினையே நிப்பாட்டுறவையும் இருக்கினம்! நாலு தரம் மிதிக்க பிறேக் கல்லாகும், ஸ்ரியறிங்கும் இறுகும்.

வளைவில இடப்பக்கத்தை விடாதேங்கோ, ஏறி வாற லொறிக்கு வழி விடுங்கோ, பனிப்புகாருக்க டிம் லைற்.

மணம் வந்தா பாதுகாப்பான இடமாப் பாத்து ஓரங்கட்டி அரைமணித்தியாலம் ஆறவிடுங்கோ. சில்லுக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ, சூட்டோட டிஸ்க் கோணும், வெடிப்பு விழவும் கூடும். மாமி போத்திலோட இறங்கினவ, நான் ஓடிப்போய் மறிச்சன், பிறகு கார் ஆறுமட்டும் கோவத்தில அந்தத் தண்ணியை அவவே குடிச்சு முடிச்சிட்டா.