கவுன்ட்டரிலேயே எண்ணிவிடுங்கள்
அமெரிக்காவில் ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் போன்ற, போதைக்காகத் திருடப்படும் வலி மாத்திரைகளை வாங்குகிறவர்கள், கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே டப்பாவைத் திறந்து, மருந்தாளுநரைக் கண்ணெதிரில் ஒருமுறை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள எண்ணிக்கையோடு அது ஒத்துப்போக வேண்டும்.

அங்கே பெரும்பாலான மாத்திரைகள் அட்டையில் வருவதில்லை. பெரிய புட்டியிலிருந்து தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, ஆரஞ்சு நிற டப்பாவில் போட்டுத் தருகிறார்கள். திருட நினைக்கும் ஊழியருக்கு அதுதான் வாய்ப்பு. வீட்டுக்குப் போன பிறகு நான்கு குறைகிறது என்று சொன்னால், சந்தேகம் உங்கள் மேல்தான் திரும்பும். கடையிலேயே தெரிந்தால் கையிருப்புக் கணக்கை அப்போதே சரிபார்க்கச் சொல்லலாம். வேறு மாத்திரையை மாற்றிவைக்கும் திருட்டும் உண்டு என்பதால், மாத்திரையின் மேல் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து வலியில் கிடப்பவருக்கு ஒவ்வொரு மாத்திரையும் ஓர் இரவுத் தூக்கம்.

தயாரிப்பாளரின் முத்திரை உடையாத புட்டிக்கு இது தேவையில்லை. தபாலில் வரும் மருந்துக்கு இந்த வழி உதவாது. கடையில் இருப்பு போதாமல் குறைத்துத் தந்தால் அது திருட்டு அல்ல. ஆனால் இந்த வகை மாத்திரைகளில் மீதியை 72 மணி நேரத்துக்குள் வாங்கிவிட வேண்டும், தவறினால் மருத்துவரிடம் புதிய சீட்டு வாங்க நேரிடும்.