தேர்தலுக்கு முன் வரும் அரசு விளம்பரத்துக்குக் கணக்குக் கேட்பது எப்படி?

தேர்தலுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கம் முழுக்க முதல்வர் படம், புரட்டினால் பிரதமர் படம், செய்தி அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. டிவியிலும் பஸ் பின்பக்கத்திலும் போனிலும் அதேதான். இதற்கான காசு எந்தக் கட்சி அலுவலகத்திலிருந்தும் வரவில்லை, நாம் சோப்பு வாங்கும்போதும் பைக்குக்கு பெட்ரோல் போடும்போதும் கட்டுகிற வரியிலிருந்து போகிறது. அதனால் எவ்வளவு போனது, யாருக்குப் போனது என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. கேட்பதற்கு வக்கீல் வேண்டாம், கட்சிக்காரர் சிபாரிசு வேண்டாம், பத்து ரூபாயும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் வேலை, அந்தப் பக்கத்தை எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். விளம்பரத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. தமிழ்நாடு அரசு விளம்பரமாக இருந்தால் "செ.ம.தொ.இ" என்று தொடங்கி, ஒரு எண்ணும் வருடமும் இருக்கும். செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வெளியான விளம்பரம் என்று பொருள். ஒன்றிய அரசு விளம்பரமாக இருந்தால் ஆங்கிலத்தில் சிபிசி என்று தொடங்கும் நீளமான எண் இருக்கும், பழையவற்றில் டிஏவிபி என்று இருந்தது, இப்போது அந்த அலுவலகத்தின் பெயர் மத்திய மக்கள் தொடர்பகம். இந்த எண்தான் நம் கையில் இருக்கிற ஒரே பிடி. "ஜனவரியில் வந்த விளம்பரம்" என்று கேட்டால் எது என்று தெரியவில்லை என்று பதில் வரும், எண்ணைப் போட்டுக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. எண்ணே இல்லையென்றால் அது கட்சி கொடுத்த விளம்பரமாக இருக்கலாம், அதற்குச் சட்டமும் வேறு, கேட்கிற இடமும் வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

பேப்பரின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். விளம்பரப் பலகையென்றால் சுற்றியிருக்கிற கடை, சிக்னல் தெரிகிற மாதிரி எடுங்கள். போனில் வரும் விளம்பரத்துக்கு ஸ்கிரீன்ஷாட், அதோடு மெட்டாவும் கூகுளும் வைத்திருக்கிற விளம்பர நூலகத்தில் துறையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அரசியல் விளம்பரம் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் யார் பணம் கொடுத்தது, தோராயமாக எவ்வளவு என்பது அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது, எது சட்டப்படி தப்பு, எது தப்பில்லை என்று தெரிந்துகொள்வது. இதில்தான் பலரும் கோபத்தில் தடம் மாறிப்போகிறார்கள். தேர்தல் நடத்தை விதிகள் தேர்தல் ஆணையம் தேதியை அறிவிக்கும் நிமிடத்திலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அதன் ஏழாம் பகுதி ஆளுங்கட்சிக்கானது. அரசுப் பணத்தில் சாதனை விளம்பரம் கொடுக்கக் கூடாது, அமைச்சர்கள் புது நிதி அறிவிக்கக் கூடாது, அடிக்கல் நாட்டக் கூடாது, சாலை போடுவோம் என்று வாக்குறுதி தரக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அறிவிப்புக்கு முந்தைய நாள் வரை இதில் எதுவும் பொருந்தாது.

அதனால்தான் அந்தக் கடைசி நாட்களில் அவ்வளவு அவசரம். 2021ஐ எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு ரேஷன் அட்டைக்கு 2,500 ரூபாய், ஜனவரி, பிப்ரவரி முழுக்க "வெற்றி நடை போடும் தமிழகமே" விளம்பரம், பிப்ரவரி 5இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி, பிப்ரவரி 23இல் இடைக்கால பட்ஜெட். பிப்ரவரி 26 அன்று கூட்டுறவு வங்கிகளில் 6 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பும் வன்னியர் 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டு மசோதாவும் சட்டமன்றத்தில் வந்தன, அதே நாளில் தேர்தல் ஆணையம் தேதியை அறிவித்தது. ஒன்றிய அரசும் இதற்கு விலக்கல்ல. 2024இல் தேதி அறிவிக்கப்பட்டது மார்ச் 16. அதற்கு முன் மார்ச் 8இல் சிலிண்டர் விலை 100 ரூபாய் குறைந்தது, அறிவிப்புக்கு ஓரிரு நாள் முன்பு பெட்ரோல், டீசல் 2 ரூபாய் குறைந்தது. 'விகசித் பாரத்' என்று பிரதமர் கடிதத்தோடு வாட்ஸ்அப் செய்திகள் கோடிக்கணக்கான போன்களுக்குப் போயின. அறிவிப்புக்குப் பிறகும் அவை வந்துகொண்டிருந்ததால் தேர்தல் ஆணையம் தலையிட்டு நிறுத்தச் சொன்னது. அனுப்பியது முன்னாடியே, நெட்வொர்க் காரணமாகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்பது ஒன்றிய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பதில். ஆக தேதி ரொம்ப முக்கியம். நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு ஆதாரத்திலும் தேதி இருக்கட்டும், முடிந்தால் நேரமும்.

அறிவிப்புக்கு முந்தைய காலத்துக்குத் தடை எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். 2015 மே 13 அன்று 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. என்.ஆர். மாதவ மேனன் தலைமையிலான குழு தயாரித்தவை அவை. விளம்பரம் அரசின் பொறுப்பு சார்ந்ததாக இருக்க வேண்டும், பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும், ஆளுங்கட்சியின் அரசியல் நலனுக்காக இருக்கக் கூடாது, செலவு நியாயமாக இருக்க வேண்டும், நிதி விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், சுருக்கமாக இவ்வளவுதான். தேர்தல் நெருங்கும்போது விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனக்கு இதில் இன்றைக்கும் வருத்தம்தான். அந்த ஒரு பரிந்துரை நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இருந்திருக்காது. படம் விஷயத்திலும், முதலில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் போதும் என்றார்கள், 2016 மார்ச்சில் மறுசீராய்வில் ஆளுநர், முதல்வர், துறை அமைச்சர் படங்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

அதனால் "முதல்வர் படம் போட்டிருக்கிறார்கள்", "திட்டத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்" என்பதை மட்டும் வைத்துப் புகார் எழுதாதீர்கள். "உங்களுடன் ஸ்டாலின்" முகாம் பெயரை எதிர்த்த வழக்கில் 2025 ஜூலை கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, வழக்குப் போட்ட அதிமுக எம்.பி.க்கு 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. படத்தையும் பெயரையும் விட்டுவிட்டுச் செலவைப் பிடியுங்கள், செலவைக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

சரி, இப்போது மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). ஒரு வெள்ளைத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். தமிழ்நாடு அரசுத் துறைக்கென்றால் மேலே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். முகவரி: பொதுத் தகவல் அலுவலர், செய்தி மக்கள் தொடர்புத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 9. போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆன்லைன் தளமும் இருக்கிறது, ஆனாலும் கையில் முத்திரையோடு ஒரு காகிதம் இருப்பது எனக்குத் தெம்பு.

ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. முதல்முறை மனு போட்டபோது "மக்கள் வரிப்பணத்தை இப்படி வீணாக்குவது நியாயமா" என்று நான் எழுதிவிட்டேன், "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது, ஒரு மாதம் போனது. ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். நான் இப்போது எழுதுவது இப்படி:

"தங்கள் துறை வழியாக (தேதி) அன்று (நாளிதழ், பதிப்பு) பக்கம் (எண்)-இல் வெளியான செ.ம.தொ.இ (எண்) விளம்பரம் குறித்துக் கீழ்க்கண்டவற்றின் நகல்களைத் தரவும். 1. இவ்விளம்பரத்தை வெளியிட ஒப்புதல் அளித்த ஆணை அல்லது கோப்புக் குறிப்பு. 2. இவ்விளம்பரம் வெளியான நாளிதழ்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்குமான கட்டணம். 3. செலவு எந்தத் துறையின் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டது என்ற விவரம். 4. வடிவமைத்த நிறுவனத்துக்கு வழங்கிய பணி ஆணையும் தொகையும். 5. (மாதம்) முதல் (மாதம்) வரை துறை வெளியிட்ட விளம்பரங்களின் மாத வாரியான மொத்தச் செலவு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதே மாதங்களுக்கான செலவு."

ஐந்தாவது கேள்விதான் உயிர். ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு லட்சம் என்பது தனியாகப் பெரிதாகத் தெரியாது. தேர்தல் இல்லாத வருடத்தின் ஜனவரியையும் தேர்தல் வருடத்தின் ஜனவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் புரியும். மூன்றாவது கேள்வியையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் விளம்பரச் செலவு முழுக்கச் செய்தித் துறையின் கணக்கில் வராது. மின்வாரியம், சுகாதாரம், கூட்டுறவு என்று அந்தந்தத் துறைத் தலையிலும் விழும். பட்ஜெட் புத்தகத்தில் 2220 என்ற கணக்குத் தலைப்பு 'செய்தியும் விளம்பரமும்', அதை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் செலவு என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். வேறு துறையிடம் இருக்கும் தகவல் என்றால் பிரிவு 6(3)-ன் கீழ் ஐந்து நாளில் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை, அதையும் மனுவின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் நடக்கவில்லையா, 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(d)-ஐக் காட்டுவார்கள். அரசு கொடுத்த பணத்தில் பொதுநலன் இருக்கிறது, அந்தப் பிரிவே பொதுநலனுக்காக வெளியிடலாம் என்கிறது, அதை எடுத்து எழுதுங்கள்.

ஒன்றிய அரசென்றால் இன்னொரு வழியும் உண்டு, உங்கள் எம்.பி. அவர் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் நாகப்பட்டினம் எம்.பி.யாக இருந்த மறைந்த எம். செல்வராசு இப்படிக் கேட்டதால்தான் 2014 முதல் அதுவரை மின்னணு ஊடகத்துக்கு 3,260.79 கோடி, அச்சு ஊடகத்துக்கு 3,230.77 கோடி செலவானது என்று மக்களவையில் பதிவானது. பெண் குழந்தைகளுக்கான 'பேட்டி பச்சாவோ' திட்டத்தில் 2016–19இல் விடுவித்த 446.72 கோடியில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போனது என்று கண்டுசொன்னதும் ஒரு நாடாளுமன்றக் குழுதான். பெண் குழந்தையின் படிப்புக்கும் உடம்புக்கும் போக வேண்டிய காசு அது, நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அறிவிப்புகளைச் சரிபார்ப்பதும் இதே வேலையின் இன்னொரு பாதி. மேடையில் சொன்னால் அது அறிவிப்பு, அவ்வளவுதான். அரசாணை எண்ணும் தேதியும் வந்ததா, நிதி ஒதுக்கினார்களா, யாருக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை என்ன என்று பாருங்கள். பிப்ரவரி 26 நகைக்கடன் தள்ளுபடியையே பாருங்கள். ஆட்சி மாறியது, புது அரசு தன் வாக்குறுதிப்படி 5 சவரன் என்று செய்தது, ஆய்வுக்குப் பிறகு சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லை என்று ஆனது. இரண்டு கட்சியின் மேடைப் பேச்சையும் நம்பி வட்டி கட்டாமல் விட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். 10.5 சதவீதச் சட்டத்தையும் 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் வீட்டில், தெருவில் யாராவது "தள்ளுபடி ஆயிடுச்சாம்" என்று சொன்னால் அரசாணையைக் காட்டச் சொல்லுங்கள், அதுவரை கட்டுவதை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தேதி அறிவித்துவிட்டார்களா, இனி போனிலேயே புகார் தர தேர்தல் ஆணையம் வைத்திருக்கிற சி-விஜில். படமோ வீடியோவோ எடுத்தால் இடத்தோடு சேர்ந்து பதிவாகும், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. 1950 எண்ணிலும் சொல்லலாம். அரசுக் கட்டடங்களில் இருக்கும் விளம்பரங்கள் 24 மணி நேரத்தில், பொது இடங்களில் 48 மணி நேரத்தில், தனியார் இடத்தில் விதிமீறி இருப்பவை 72 மணி நேரத்தில் போக வேண்டும். பஸ் பின்பக்கம், ரேஷன் கடைச் சுவர், அரசு இணையதளத்தின் முதல் பக்கம், இந்த மூன்றையும் அவசியம் பாருங்கள், மறந்து விட்டுவிடுகிற இடங்கள் இவைதான்.

புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? மெதுவாக நடக்கும். டெல்லியில் அப்போதிருந்த ஆம் ஆத்மி அரசின் விளம்பரங்களில் நெறிமீறல் இருக்கிறது என்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அமைந்த மூவர் குழு 2016இல் முடிவு சொன்னது. 2022 டிசம்பரில் 97 கோடியைக் கட்சியிடம் வசூலிக்கத் துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார், 2023 ஜனவரியில் வட்டியோடு 163.62 கோடிக்கு நோட்டீஸ் போனது. கட்சி அதை ஏற்கவில்லை, அரசியல் சண்டையும் அதில் கலந்திருக்கிறது. ஆனாலும் விளம்பரச் செலவைக் கட்சியின் தலையில் எழுத முடியும் என்ற ஒரு வழி அதில் திறந்தது.

ஒன்று மறக்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் வந்த விளம்பரங்களின் பில் எல்லாம் உடனே பட்டுவாடா ஆகாது. அதனால் முதல் மனுவுக்கு "கணக்கு முடிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துபோகாமல், தேர்தல் முடிந்து, மார்ச் 31 தாண்டி, ஜூன் மாதம் அதே ஐந்து கேள்வியோடு இன்னொரு மனு போடுங்கள். யார் ஜெயித்திருந்தாலும் போடுங்கள்.