புலம்பெயர்ந்தவர் யார்?

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும்போது நண்பர் கேட்டார்: “இந்தக் கடைக்காரங்க எல்லாம் புலம்பெயர்ந்தவங்கதானே?”

அவசரப்பட்டு ஆமாம் போடக்கூடாது. ரங்கூனுக்குக் கப்பலேறிய தாத்தா புலம்பெயர்ந்தவர். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருடத்தில் கடைகண்ணியெல்லாம் அரசுடைமையானதும் வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்த பேரன் அரசு ஏட்டில் ‘தாயகம் திரும்பியவர்’. தெருவில் பர்மாக்காரர். அகதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புலம் என்றால் நிலம், இடம். புலம்பலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெளிநாடு போனவரை மட்டும்தான் குறிக்கும் என்பதும் தவறு. பட்டினப்பாலையில் வரும் ‘புலம்பெயர் மாக்கள்’ வேறு தேசங்களிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து தங்கியவர்கள். 2020 ஊரடங்கில் வடமாநிலத்தவரைப் ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்று செய்தித்தாள்கள் எழுதியதும் சரிதான்.

ஆனால் ஈழத்தமிழர் எழுத்தைப் படிக்கும்போது கவனம் வேண்டும். அங்கே புலம்பெயர்ந்தவர் என்றால் கனடா, பிரான்ஸ் என்று கடல் தாண்டியவர். போரில் ஊர்விட்டு ஊர் ஓடி, நாட்டுக்குள்ளேயே இருந்தவர் இடம்பெயர்ந்தவர். இரண்டையும் கலந்தால் செய்தியே மாறிவிடும்.

ஒரு விழா அழைப்பிதழில் ‘நாடு கடத்தப்பட்ட தமிழர்களே வருக’ என்று அச்சடித்திருந்தார்கள். நாடு கடந்தவர் தாமாகப் போனவர். கடத்தப்பட்டவரை அரசே பிடித்து வெளியேற்றியிருக்கிறது. வந்த விருந்தாளி பாவம், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் இந்த என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மாமாவை அப்படிச் சொல்கிறோம். அவர் இப்போது இந்தியக் குடிமகனே இல்லை. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைதான் அவர் கையிலிருக்கிறது. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலமும் வாங்க முடியாது.

அசல் என்.ஆர்.ஐ. யாரென்றால், துபாயில் வெல்டிங் வேலை பார்க்கும் ராயபுரத்துத் தம்பிதான். பாஸ்போர்ட் இந்தியாவுடையது, பட்டியலில் பெயர் சேர்த்து, வாக்குப்பதிவு அன்று ஊரிலிருந்தால் ஓட்டும் போடலாம். அவனோ, “அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்குண்ணா, நான் கூலிக்குப் போறவன்” என்று சொல்லிவிட்டு, உள்ளூர் வங்கியில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கிறான். வேலைக்காக வெளிநாடு போய்விட்டதை வங்கியில் சொல்லி, அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும்.