அட்சக்கோடு தீர்க்கக்கோடு குழப்புதா? ஒரு பூசணிக்காயும் மீட்டர் கோலும் எடுத்துக்கிடுங்க

கன்னியாகுமரி பக்கத்துல இருக்க சின்னமுட்டத்துல விசைப்படகுல போற கூட்டுக்காரன் ஒருத்தன் எனக்கு உண்டு. போன வருஷம் ஒருநாள் ராத்திரி, நெய்மீன் எடுத்து வச்சிருக்கேன் வந்து வாங்கிக்கிடு மக்கான்னு வாய்ஸ் மெசேஜ் போட்டான், எங்கல நிக்கன்னு கேட்டா ஊர் பேரைச் சொல்லாம நக்கலுக்குன்னே போட்டுல இருக்க ஜிபிஎஸ்ஸைப் பாத்து அப்படியே வாசிச்சான்: "எட்டு, அஞ்சு புள்ளி ஏழு. எழுபத்தேழு, முப்பத்திமூணு புள்ளி எட்டு." நான் பெரிய இவன் மாதிரி போன்ல 8.057, 77.338ன்னு அடிச்சேன். முட்டத்துக்குத் தெக்க நடுக்கடல்ல புள்ளி விழுந்துச்சு. ஓ முட்டத்துக்குத்தான் வாறான் போலன்னு பைக்கை எடுத்துட்டுப் போய் ஒரு மணிநேரம் கொசுக்கடி வாங்கினேன், அவன் அங்க சின்னமுட்டத்துல சாயா குடிச்சிட்டு நிக்கான். முட்டம் வேற சின்னமுட்டம் வேற, ரெண்டுக்கும் நடுவுல இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. எங்க தப்பு பண்ணேன்னு கடைசியில சொல்றேன், இப்பமே சொன்னா புரியாது.

அந்த வெக்கத்துலதான் இதை ஒழுங்கா உக்காந்து படிச்சேன். அப்புறம் அக்கா மவ ஒம்பதாங்கிளாஸ் பரீட்சைக்கு "மாமா, எது படுத்துக் கெடக்கும் எது நிக்கும்னு மாறி மாறிப் போவுது"ன்னு வந்து நின்னா. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒரு பூசணிக்கா வாங்குங்க. வடசேரி சந்தையில வாங்கினாலும் சரி வீட்டுக்குப் பின்னாடி கெடந்தாலும் சரி, நல்லா பள்ளம் பள்ளமா வரி விழுந்தது வேணும். காம்புதான் வடதுருவம், அடிப்பக்கம் தென்துருவம். காம்புல இருந்து அடி வரைக்கும் இறங்குற அந்தப் பள்ளம் எல்லாமே தீர்க்கக்கோடு. பாத்தியளா, எல்லாம் ஒரே நீளம், காம்புகிட்ட எல்லாம் ஒண்ணா சேருது, வயித்துப்பக்கம் வந்தா விலகி நிக்குது. இப்ப ரப்பர் பேண்ட் எடுத்து பெருத்த வயித்துல மாட்டுங்க, அது பூமத்தியரேகை, 0 டிகிரி. இன்னொரு ரப்பர் பேண்டை அதுக்கு மேல மாட்டுங்க, இன்னும் மேல இன்னொண்ணு. இதெல்லாம் அட்சக்கோடு. மேல போகப் போக வளையம் சின்னதாகும், ஆனா ஒண்ணோட ஒண்ணு முட்டவே முட்டாது, கடைசியில காம்புல வெறும் புள்ளியா முடியும், அது 90 டிகிரி.

இதுல பிள்ளைகளுக்கு இடறுற இடம் ஒண்ணு உண்டு. அட்சக்கோடு ஓடுறது கிழக்கு மேற்கா, ஆனா அது சொல்றது நீங்க வடக்க எவ்வளவு தள்ளி இருக்கீங்கன்னு. தீர்க்கக்கோடு ஓடுறது வடக்கு தெக்கா, சொல்றது கிழக்க எவ்வளவு தள்ளின்னு. மருமவளுக்கு இது ஏறவே இல்ல. அப்புறம் மாடிப்படியைக் காட்டினேன், "பிள்ளே, படி குறுக்கத்தான கெடக்கு, ஆனா நீ எத்தனாவது படியில நிக்கன்னு கேட்டா எவ்வளவு உயரத்துலன்னுதான அர்த்தம்?" அப்பதான் "ஆமால்லா"ன்னா. அட்சக்கோடு ஏணிப்படி, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொண்ணு, டிகிரின்னா தூரம் இல்ல, கோணம். பூமிக்கு நடுவுல உக்காந்து ஒரு கை பூமத்தியரேகையைக் காட்டுது, இன்னொரு கை கன்னியாகுமரியைக் காட்டுதுன்னு வைங்க, ரெண்டு கைக்கும் நடுவுல இருக்க விரிவு 8 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, 8.08ன்னு வச்சுக்கலாம். லண்டன்ல இருக்க கிரீன்விச்ல இருந்து கிழக்க திரும்பினா 77.55. கிரீன்விச்ல 0ன்னு எதுக்குன்னா இயற்கையில அப்படி ஒரு காரணமும் கெடையாது, 1884ல வாஷிங்டன்ல நாடுகள் எல்லாம் கூடி முடிவு பண்ணினது. பூமத்தியரேகை அப்படி இல்ல, பூமி சுத்துற சுத்துலயே அது தானா விழுது.

தூரமா மாத்தணும்னா, அட்சத்துல ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். அதனால குமரிமுனையில இருந்து பூமத்தியரேகை நேரா தெக்க 900 கிலோமீட்டர் கூட இல்ல, ஹைதராபாத் அதை விடத் தூரம். ஒரு டிகிரியை 60 ஆ பிரிச்சா ஒரு நிமிஷம், இது கடிகார நிமிஷம் இல்ல, கோண நிமிஷம். அட்சத்துல ஒரு நிமிஷம் கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர், அதைத்தான் போட்டுக்காரங்க நாட்டிக்கல் மைல்னு சொல்றாங்க. தீர்க்கத்துக்கு இந்த 111 பூமத்தியரேகையிலதான் செல்லும், பூசணிக்காயில பாத்தீங்கல்ல, மேல போனா பள்ளம் நெருங்குது. நம்ம ஊர்ல ஒரு டிகிரி 110 கிலோமீட்டர், டெல்லியில 98 வாக்குல, 60 டிகிரி வடக்க போனா பாதிதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. நம்ம முனை 8.08, 77.55. வடக்க சரியா 5 டிகிரி, அதாவது 553 கிலோமீட்டர். கிழக்க 2.72 டிகிரி, ஏறக்குறைய 297. ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸ்ல போட்டா 628 கிலோமீட்டர் வாக்குல வரும், காக்கா பறக்குற தூரம். ரோட்டுல 700 ஓடுதுன்னா மிச்சம் வளைவு நெளிவு.

இனி மீட்டர் கோல். இதுதான் எனக்குப் பிடிச்ச பாகம். மார்ச் 21 வாக்குல சூரியன் பூமத்தியரேகைக்கு நேர் மேல நிக்கும். அன்னைக்கு மத்தியானம் மொட்டை மாடியில ஒரு மீட்டர் கோலை நேரா நிறுத்துங்க, சாயக்கூடாது, நூல்ல சாவியைக் கட்டித் தொங்கவிட்டு அது கூட ஒட்டிப் பாத்துக்கிடுங்க. 12 மணிக்குள்ள அளந்துட்டு விட்டுடாதீங்க, நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது அன்னைக்கு 12:27 வாக்குல. பத்தே காலுக்கு பெரிசா இருந்த நிழல் சுருங்கிச் சுருங்கி வந்து, இனி சுருங்க மாட்டேன்னு நின்னு திரும்ப நீள ஆரம்பிக்கும், அந்த ஆகக் குட்டி நிழலை அளக்கணும். நாங்க அளந்தப்ப 14 சென்டிமீட்டருக்கு ஒரு இம்மி கூட. போன் கால்குலேட்டர்ல 14 ஐ 100 ஆல வகுத்து தலைகீழ் டேன் (tan⁻¹) போட்டா 8 டிகிரி. மருமவ மாடியில குதிச்ச குதில கீழ இருந்து அக்கா கத்தினா. அதே நேரம் சென்னையில நிறுத்தினா நிழல் 23 சென்டிமீட்டர் வரணும், டெல்லியில 54. இதே சோதனையை செப்டம்பர் 23லயும் செய்யலாம், அப்ப உச்சிநேரம் 12:13.

நிழலே விழாத நாளும் நமக்கு வருஷத்துல ரெண்டு உண்டு, ஏப்ரல் 10, 11 வாக்குல ஒண்ணு, செப்டம்பர் 1, 2 வாக்குல ஒண்ணு, மணி 12:20. டம்ளரைக் கவுத்தி வச்சா அதைச் சுத்தி நிழலே இருக்காது. டெல்லிக்காரனுக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கெடைக்காது, ஏன்னா சூரியன் கடகரேகை 23.5 டிகிரியைத் தாண்டி வடக்க ஏறாது. கன்னியாகுமரி காந்தி மண்டபத்துலயும் இந்தக் கணக்குதான். 1956ல கட்டினது, அக்டோபர் 2 மத்தியானம் அஸ்தி வச்சிருந்த இடத்துல வெயில் விழும்னு எல்லாரும் கேட்டிருப்பீங்க. அன்னைக்கு சூரியன் நமக்கு நேர் மேல கெடையாது, பதினொண்ணரை டிகிரி தெக்க சாஞ்சு நிக்கும், அப்ப வெயில் உள்ள வரணும்னா அந்த இடத்தோட அட்சம் தெரியாம ஓட்டை போட முடியாதுல்லா?

ராத்திரியிலயும் அட்சம் பாக்கலாம். துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து எத்தனை டிகிரி உயரமோ அதுதான் உங்க அட்சம். கையை நீட்டி முஷ்டி பிடிச்சா அகலம் சுமார் 10 டிகிரி. நமக்கு எட்டுதான்ங்கறதால ஒரு முஷ்டிக்குள்ளயே அடங்கிப் போகும், கரையில நின்னா மலையும் தென்னையும் மறைச்சுப்போடும், கடலுக்குள்ள போனாதான் வாய்ப்பு. பழைய மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிறும் சின்னப் பலகையும் வச்சு இதைத்தான் அளந்தாங்க, அரபிக்காரங்க அதைக் கமால்னு சொன்னாங்க.

தீர்க்கத்துக்கு வானத்தைப் பாத்தா மட்டும் போதாது, கடிகாரம் வேணும். பூமி 24 மணிநேரத்துல 360 டிகிரி, அப்ப மணிக்கு 15, ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு கோட்டை வச்சு, நாம அதுக்கு மேற்க கிட்டத்தட்ட 5 டிகிரி, அதான் நம்ம உச்சிநேரம் சராசரியா 12:20. வீட்டுல யாராவது கல்ஃப்ல இருந்தா இது தானா புரியும். துபாய் நேரம் 60 டிகிரி கோட்டுக்கு உள்ளது, 22.5 டிகிரி வித்தியாசம், 4 ஆல பெருக்குங்க, 90 நிமிஷம். நம்ம மாவட்டத்துக்குள்ளயே தேங்காப்பட்டணத்துல உச்சிநேரம் குமரிமுனையை விட ஒண்ணரை நிமிஷம் பிந்தும். நடுக்கடல்ல சரியான மணி காட்டுற கடிகாரம் இல்லாததாலதான் அட்சம் தெரிஞ்சும் தீர்க்கம் தெரியாம ரொம்ப காலம் கப்பல்காரங்க முழிச்சாங்க, ஜான் ஹாரிசன் செஞ்ச கடிகாரம் 1761ல ஜமைக்காவுக்குக் கப்பல்ல போய்த்தான் அதுக்கு ஒரு வழி பொறந்துச்சு.

அட்லஸ்ல பாக்கும்போது இடது வலது ஓரத்துல இருக்க நம்பர் அட்சம், மேல கீழ இருக்கது தீர்க்கம். ரெண்டு விரலை ஓரத்துல இருந்து கோட்டு மேலயே நகத்திட்டு வாங்க, முட்டுற இடம்தான் ஊர். கோடு சில மேப்ல வளைஞ்சிருக்கும், வளைவோடயே போங்க, நேரா இழுக்காதீங்க. சுவத்துல தொங்குற உலக மேப்ல பரப்பை நம்பாதீங்க, அதுல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நெசத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. அளவு பாக்கணும்னா குளோப்தான்.

இப்ப முட்டம் கதைக்கு வாறேன். கூட்டுக்காரன் வாசிச்சது 8 டிகிரி 5.7 நிமிஷம், 77 டிகிரி 33.8 நிமிஷம். நிமிஷம் 60க்கு, புள்ளிக்கு அப்புறம் வர்றது 100க்கு. நான் ரெண்டையும் ஒண்ணா ஒட்டிப்போட்டேன். செய்ய வேண்டியது, 5.7 ஐ 60 ஆல வகுத்தா 0.095, அப்ப 8.095. 33.8 ஐ 60 ஆல வகுத்தா 0.5633, அப்ப 77.5633. சின்னமுட்டம் துறைமுகம் அப்படியே வந்து விழும். செகண்டும் குடுத்திருந்தா அதை 3600 ஆல வகுத்துக் கூட்டணும்.

கூகுள் மேப்ல ஒரு இடத்தை விரலால அமுக்கிப் பிடிச்சா பின் விழுந்து மேல நம்பர் வரும், அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க, கையால அடிக்காதீங்க. புள்ளிக்கு அப்புறம் 2 இலக்கம்னா ஒரு கிலோமீட்டர் சுத்துவட்டம், 3 இலக்கம்னா ஒரு தெரு, 5 இலக்கம்னா வீட்டு வாசப்படி. வீட்டு பாயிண்டை கண்டவனுக்கெல்லாம் அஞ்சு இலக்கத்துல அனுப்பாதீங்க, அது வேற விஷயம்.

எப்பவும் அட்சம்தான் முதல்ல. குமரி மாவட்டத்துல எந்த மூலைன்னாலும் 8ல தொடங்கி அடுத்தது 77ல தொடங்கும், அப்படி இல்லன்னா அனுப்பினவன் எங்கயோ மாத்திப்போட்டான்னு அர்த்தம். மருமவ ஒருதடவை திருப்பிப்போட்டு 77.55, 8.08ன்னு அடிச்சுட்டு போனைத் தூக்கிட்டு ஓடி வந்தா, "மாமா, நம்ம கன்னியாகுமரி வடதுருவம் பக்கத்துல ஐஸ் கடலுக்குள்ள கெடக்கு!"